'படம் 4-ஐக் காண்க' – எந்தப் படத்தை?



ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! கணினியில் பாடப் பயிற்சிகளைத் தயாரிக்கும்போது நாம் பெரும்பாலும் எழுத்துப் பிழைகளைத் தேடுகிறோம். ஒற்றுப் பிழைகளைத் திருத்துகிறோம். கேள்விகளின் தரத்தை ஆராய்கிறோம். ஆனால், 'படம் 4-ஐக் காண்க' என்று எழுதிவிட்டு, அந்த 4 சரியான 4-தானா என்று எத்தனை பேர் சரிபார்க்கிறோம்? பக்க ஓரத்தில் வைத்த படம் தன் பத்திக்கு அருகிலேயே நிற்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

இதை அச்சகத்தாரின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பயிற்சிச் சிப்பங்களையும் பணித்தாள்களையும் பெரும்பாலும் எழுதுபவரும், தட்டச்சு செய்பவரும், படம் ஒட்டுபவரும், அச்சிடுபவரும் ஒருவரே. அவர் ஆசிரியர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் எடை கூடியிருக்கிறது. அந்த மதிப்பீட்டுக்கு நாம் தயாரிக்கும் தாளே அளவுகோல். அளவுகோலே கோணலாக இருந்தால் அளவு எப்படி நேராகும்?

சுட்டு என்பது நமக்குப் புதியதன்று

நூலின் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்தைக் காட்டும் குறிப்பை இப்பதிவில் 'சுட்டு' என்றே அழைக்கிறேன். 'படம் 4-ஐக் காண்க', 'பக்கம் 17-இல் உள்ள அட்டவணையைப் பார்க்க', 'பாடம் 2-இல் கற்றோம்' ஆகிய யாவும் சுட்டுகளே.

இது கணினி கொண்டு வந்த வழக்கம் என்று எண்ணிவிட வேண்டா. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய உத்திகள் 32 என வகுத்தார். அவற்றுள் 'உரைத்தும் என்றல்' ஒன்று. பின்னர் வரவிருப்பதை 'அங்கே சொல்வோம்' என்று முன்கூட்டியே சுட்டுவது. 'உரைத்தாம் என்றல்' மற்றொன்று. முன்னர்ச் சொன்னதை 'அங்கே சொன்னோம்' என்று திரும்பிச் சுட்டுவது. சுட்டும் திறனை நூல் செய்வோனின் கடமைகளுள் ஒன்றாகவே நம் இலக்கணிகள் வைத்திருக்கிறார்கள். 'சொல்வோம்' என்று கூறிவிட்டுச் சொல்லாமல் போனால் அது நூலின் குற்றம். 'படம் 4-ஐக் காண்க' என்று எழுதிவிட்டு அங்கே வேறு படத்தை வைத்தாலும் அதே குற்றந்தான்.

ஓர் எண் மாறினால் என்ன ஆகிவிடும்?

அறிவியல் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். சிப்பத்தில் படம் 4 தொடர் மின்சுற்று. படம் 5 இணை மின்சுற்று. இரண்டிலும் இரண்டிரண்டு மின்குமிழ்கள். கேள்வி இதுதான்: 'படம் 4-இல் ஒரு மின்குமிழை அகற்றினால் மற்றொன்று எரியுமா?' தொடர் மின்சுற்றில் எரியாது. இணை மின்சுற்றில் எரியும்.

இப்போது ஆசிரியர் இடையில் ஒரு புதிய படத்தைச் சேர்க்கிறார் அல்லது இரண்டு படங்களின் வரிசையை மாற்றுகிறார். படங்களின் கீழுள்ள எண்கள் மாறிவிட்டன. கேள்வியிலுள்ள எண் மாறவில்லை. விடைத்தாள் பழைய வரிசைப்படி இருக்கிறது. மாணவன் தன் கண்முன் உள்ள படத்தைப் பார்த்துச் சரியாகச் சிந்தித்து 'எரியும்' என்று எழுதுகிறான். அவனுக்குக் கிடைப்பது தவறு என்னும் குறி!

வளர்ந்தவர்கள் நூலில் இப்படிப்பட்ட முரணைக் கண்டால் 'அச்சுப் பிழை' என்று சொல்லிக் கடந்துவிடுவோம். பத்து வயதுக் குழந்தை நூலை ஐயப்படுவதில்லை, தன்னையே ஐயப்படுகிறது. 'எனக்குத்தான் புரியவில்லை போலும்' என்று தலை குனிந்துகொள்கிறது. கற்றலில் மெதுவாக நடக்கும் மாணவர்களிடம் இதை நான் மீண்டும் மீண்டும் காண்கிறேன். கெட்டிக்கார மாணவன் எழுந்து, 'ஐயா, படம் மாறியிருக்கிறது' என்று சொல்லிவிடுவான். நம் உதவி மிகுதியாகத் தேவைப்படும் மாணவன் வாய் திறக்க மாட்டான்.

பேசும் பிழையும் பேசாப் பிழையும்

பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் ஏற்படும் சுட்டுப் பிழைகளை இரண்டாகப் பிரிக்கலாம்.

ஒன்று, பேசும் பிழை. மைக்ரோசாஃப்ட் வேர்டில் தடித்த எழுத்தில் 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று வருமே, அது. லேடெக் மென்பொருளில் எண் வரவேண்டிய இடத்தில் '??' என்று இரண்டு வினாக்குறிகள் நிற்குமே, அது. பார்ப்பதற்கு அச்சமாக இருக்கும். உண்மையில் இவை நம் நண்பர்கள். 'இங்கே கவனி' என்று உரக்கச் சொல்கின்றன.

மற்றொன்று, பேசாப் பிழை. எண் இருக்கும், அழகாக இருக்கும், ஆனால் தவறாக இருக்கும். மென்பொருள் ஓர் எச்சரிக்கையும் தராது. வகுப்பறைக்குள் நுழைவது இந்தப் பிழைதான். ஆகவே, கீழே நான் சொல்பவற்றில் பேசாப் பிழைகளுக்கே மிகுந்த இடம் தருகிறேன்.

அ) வேர்டைப் பயன்படுத்துவோருக்கு

1. எண்ணைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். எல்லாப் பேசாப் பிழைகளுக்கும் தாய் இதுவே. 'ரெஃபரன்சஸ்' பட்டியில் 'இன்சர்ட் கேப்ஷன்' என்பதைக் கொண்டு படத்திற்குப் பெயரும் எண்ணும் இடலாம். பெயர்ப் பட்டியலில் 'படம்' என்னும் சொல் இல்லையென்றால் 'நியூ லேபல்' வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு, அதே பட்டியில் உள்ள 'கிராஸ்-ரெஃபரன்ஸ்' கொண்டு கேள்வியில் சுட்டை இட வேண்டும்.

2. இட்டால் மட்டும் போதாது, புதுப்பிக்க வேண்டும். நடுவில் புதிய படத்தைச் சேர்த்துப் பெயரிட்டவுடன் அடுத்த படங்களின் எண்கள் தாமாக மாறிவிடும். ஆனால், வரிகளுக்குள் இருக்கும் சுட்டுகள் பழைய எண்ணிலேயே நிற்கும். மின்சுற்றுக் கதை இப்படித்தான் நிகழ்கிறது. கண்ட்ரோலும் 'ஏ'யும் சேர்த்து அழுத்தி முழுக் கோப்பையும் தெரிவுசெய்து, எஃப்9 விசையை அழுத்தினால் சுட்டுகள் புதுப்பிக்கப்படும்.

3. ஓரப்படங்களில் ஒரு மறைகுழி உண்டு. படத்தையும் அதன் பெயரையும் உரைப்பெட்டிக்குள் இட்டுப் பக்க ஓரத்தில் நிறுத்துவது நம்மில் பலருக்கு வழக்கம். முழுக் கோப்பையும் தெரிவுசெய்தாலும் உரைப்பெட்டிக்குள் இருப்பவை அதில் அடங்கா. எனவே, எஃப்9 அழுத்தியும் ஓரப்படத்தின் எண் பழையதாகவே நிற்கலாம். வேர்டின் அமைப்புகளில் 'டிஸ்பிளே' பகுதிக்குச் சென்று, 'அப்டேட் ஃபீல்ட்ஸ் பிஃபோர் பிரிண்டிங்' என்பதைத் தெரிவுசெய்துவிட்டு, அச்சு முன்தோற்றத்தைத் திறந்து பாருங்கள். உரைப்பெட்டிக்குள் இருப்பவையும் அப்போது புதுப்பிக்கப்படும்.

4. படம் ஓரிடம், பெயர் ஓரிடம் என்று பிரிந்துபோவதும் உண்டு. மிதக்கும் படத்திற்குப் பெயரிட்டால் வேர்ட் அப்பெயரைத் தனி உரைப்பெட்டியில் வைக்கிறது. படம் நகரும்போது பெயர் உடன் வராமல் போகலாம். படத்தின் உயரம் பக்கத்தைப் பொறுத்து அமைக்கப்பட்டிருந்தால் பத்தி கீழே இறங்கும். படமோ இருந்த உயரத்திலேயே நிற்கும். வேறொரு பத்திக்குத் துணையாகிவிடும்.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் எளிய மருந்து ஒன்று உள்ளது. கோடுகளற்ற இரண்டு நெடுவரிசை அட்டவணையை இடுங்கள். அகன்ற நெடுவரிசையில் பாடமும், குறுகிய நெடுவரிசையில் படமும் அதன் பெயரும் இருக்கட்டும். படம் மிதக்காமல் வரியோடு வரியாக அமைந்திருக்க வேண்டும். அப்போது படம் தன் பத்தியை விட்டுப் பிரியாது. முழுத் தெரிவில் அதன் எண்ணும் அடங்கும்.

5. பலர் எழுதிய அலகுகளை ஒருவர் ஒன்றிணைக்கும்போது மிகுந்த கவனம் தேவை. ஒவ்வோர் ஆசிரியரும் கையால் 'படம் 1' என்று தொடங்கியிருப்பார். இணைத்த சிப்பத்தில் நான்கு 'படம் 1' இருக்கும். சுட்டை மட்டும் வெட்டி வேறு கோப்பில் ஒட்டினாலோ அது சுட்டும் படம் அங்கே இராது. புதுப்பித்தவுடன் 'எரர்' என்று கத்தும். முதலில் எல்லா அலகுகளையும் ஒரே கோப்பில் சேர்த்துவிட்டு, அதன்பின் சுட்டுகளை இடுவதே நேர்வழி.

ஆ) லேடெக் பயன்படுத்துவோருக்கு

கணிதம், அறிவியல் பாடங்களுக்காக லேடெக் மென்பொருளைக் கற்றுக்கொண்ட ஆசிரியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக் அமைப்பின்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் எழுப்பிய மென்பொருள் இது. விலை ஏதுமில்லை. ஸீலேடெக், லுவாலேடெக் ஆகிய இயக்கிகள் ஒருங்குறித் தமிழை நேரடியாக ஏற்கின்றன.

1. '??' வந்தால் பதற வேண்டா. லேடெக் முதல்முறை இயங்கும்போது படங்களின் எண்களைத் துணைக்கோப்பில் எழுதி வைக்கும். அடுத்த முறை இயங்கும்போதுதான் அவற்றைச் சுட்டுகளில் நிரப்பும். இரண்டு முறை இயக்குங்கள். 'லேபல்கள் மாறியிருக்கலாம், மீண்டும் இயக்கு' என்னும் பொருளில் எச்சரிக்கை வந்தால் இன்னொரு முறை இயக்குங்கள். அப்போதும் '??' நின்றால், லேபலின் பெயரும் சுட்டில் எழுதிய பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

2. லேபல் கட்டளை, கேப்ஷன் கட்டளைக்குப் பின்னரே வர வேண்டும். கேப்ஷன்தான் படத்திற்கு எண் தருகிறது. லேபலை அதற்கு முன்னால் வைத்தால், அதற்கு முன் எண் பெற்றது எதுவோ அதன் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது பகுதித் தலைப்பின் எண்ணாக இருக்கும். இரண்டாம் பாடத்தின் மூன்றாம் பகுதியில் இருக்கிறோம் என்றால், சுட்டில் '2.3' என்று வரும். படத்தின் உண்மையான எண்ணோ 2.1! வினாக்குறியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பேசாப் பிழைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது.

3. ஓரக்குறிப்புக்கான மார்ஜின்பார் கட்டளைக்குள் கேப்ஷனை நேரடியாக இட்டால் மென்பொருள் மறுக்கும். கேப்ஷன் என்னும் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டு 'கேப்ஷன்ஆஃப்' கட்டளையால் பெயரிட வேண்டும். லேபல் அதன்பின் வர வேண்டும். மிதக்கும் படத்திற்குள்ளும் அடிக்குறிப்புக்குள்ளும் மார்ஜின்பார் இயங்காது. அங்கே மார்ஜின்நோட் தொகுப்பு உதவும். மார்ஜின்பார் குறிப்புகள் நெருங்கினால் லேடெக் ஒன்றைக் கீழே தள்ளும், மார்ஜின்நோட் தள்ளாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும்.

4. இருபக்க அச்சில் ஓரப்படம் தவறான ஓரத்திற்குப் போவதுண்டு. பக்கம் முறியும் இடத்தை லேடெக் பின்னரே முடிவு செய்வதால் வரும் தடுமாற்றம் இது. எம்பார்ஹேக் என்னும் தொகுப்பு இதற்காகவே எழுதப்பட்டது. அதைச் சேர்த்து இரண்டு மூன்று முறை இயக்கினால் படம் தன் ஓரத்திற்குத் திரும்பும்.

5. டஃப்டி-லேடெக் வகுப்பில் ஓரப்படத்திற்கெனத் தனி அமைப்பே இருக்கிறது. ஆனால், ஓரப்படம் எழுதிய இடத்திலேயே நிற்கும். பெரிய படமோ மிதந்து அடுத்த பக்கத்திற்குப் போகும். எனவே, படம் 5 முதலிலும் படம் 4 பின்னரும் தோன்றக்கூடும். சுட்டு சரிதான்; ஆனாலும், வரிசையாகத் தேடும் குழந்தை குழம்பும். பெரிய படத்தின் கட்டளையைச் சில பத்திகளுக்கு முன்னே நகர்த்தினால் வரிசை சீராகும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல்

ஆங்கில வழிகாட்டிகளில் காணக் கிடைக்காத தொல்லை ஒன்று நமக்கு உண்டு. நம் மொழியில் வேற்றுமை உருபு எண்ணோடு ஒட்டி வரும்: 'படம் 4-ஐ', 'படம் 4-இல்', 'படம் 4-உடன்'. வேர்டில் சுட்டை இட்டபின் அதன் கடைசி எழுத்தை ஒட்டி உருபைத் தட்டச்சு செய்யும்போது, சில வேளைகளில் அது சுட்டின் சாம்பல் நிறப் பகுதிக்கு உள்ளேயே விழுந்துவிடும். பார்வைக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. எஃப்9 அழுத்தியவுடன் 'படம் 4-இல் காணும் விலங்கு' என்பது 'படம் 4 காணும் விலங்கு' என்று ஆகிவிடும்!

முதலில் வாக்கியம் முழுவதையும் உருபோடு எழுதிவிட்டு, எண்ணுக்குரிய இடத்தில் மட்டும் சுட்டைச் செருகினால் இது நேராது. இன்னும் எளிய வழி, உருபே வேண்டாதபடி '(காண்க: படம் 4)' என்று எழுதுவது. லேடெக்கில் இத்தொல்லை இல்லை. அடைப்புக்குறியை மூடியபின் உருபை எழுதலாம்.

ஓரப்படத்தின் விளக்கத்தையும் சுருக்கமாக எழுதுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய ஓரத்தில் இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கிடையே பெரும் இடைவெளிகள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் போதும்.

தாளுக்கு வந்தபின்

திரையில் சரியாக இருப்பது தாளில் தவறாகலாம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். பாடத்திற்கு 110, இடைவெளிக்கு 5, ஓரப்படத்திற்கு 50, உள் ஓரத்திற்கு 25, வெளி ஓரத்திற்கு 20 என்று பகிர்ந்தால் கணக்குச் சரியாக இருக்கும். ஒருபக்க அமைப்பில் செய்த கோப்பை இருபக்கமாக அச்சிட்டால், இரட்டைப்படைப் பக்கங்களின் ஓரப்படங்கள் தைக்கும் பக்கத்திற்குள் மறைந்துவிடும்.

நகல் எடுப்பதிலும் கவனம் வேண்டும். சிப்பத்தின் 12-ஆம் பக்கத்திலிருந்து 15-ஆம் பக்கம் வரை மட்டும் நகலெடுத்துக் கொடுக்கிறோம். 13-ஆம் பக்கத்தில் 'பக்கம் 9-இல் உள்ள படத்தைக் காண்க' என்று இருக்கிறது. சுட்டு சரி, ஆனால், 9-ஆம் பக்கம் மாணவன் கையில் இல்லை! தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் தாள்களில் சுட்டு அந்தத் தாளுக்குள்ளேயே முடிய வேண்டும்.

பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வேர்ட் கோப்பை அனுப்பாதீர்கள். கைப்பேசியில் எழுத்துருவும் பக்க முறிவும் மாறினால் படங்கள் இடம் பெயரும். பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

நேரம் எங்கே?

'இருக்கும் வேலைகளுக்கிடையே இதையெல்லாம் யார் செய்வது?' என்று நீங்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. நியாயமான கேள்விதான். இணையத்தில் தரவு நிரப்புவதும், கோப்புகளைப் பராமரிப்பதும், போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்வதும் நம் நாளைத் தின்றுவிடுகின்றன. இதற்கு என் மறுமொழி இரண்டு.

முதலாவது, எல்லாவற்றிற்கும் எண் வேண்டியதில்லை. படிநிலை ஒன்றில், அதாவது ஆண்டு 1 முதல் 3 வரை, படத்தைக் கேள்விக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் எண்ணும் வேண்டா, சுட்டும் வேண்டா. அச்சிறுவர்களைப் பக்கம் புரட்டித் தேடச் சொல்வதே முறையன்று. ஓரப்படத்தின் பெரும்பயன் அங்கேதான். படிநிலை இரண்டில், ஒரு படத்தைப் பல கேள்விகள் பகிர்ந்துகொள்ளும்போது மட்டும் எண் இடுவோம்.

இரண்டாவது, நாம் தயாரிக்கும் சிப்பம் ஓராண்டோடு முடிவதில்லை. அடுத்த ஆண்டு இரண்டு கேள்விகளை மாற்றி, ஒரு படத்தைச் சேர்த்து மீண்டும் பயன்படுத்துகிறோம். கையால் இட்ட எண்களை ஒவ்வோர் ஆண்டும் கையாலேயே திருத்த வேண்டும். ஒன்று தப்பினாலும் ஒரு வகுப்பே குழம்பும். முறையாக இட்ட சுட்டு ஒரு விசையில் திருந்திவிடும். ஒருநாள் உழைப்பு, பல்லாண்டு நிம்மதி.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி அளவில் நடத்தும் பணித்திறப் பயிற்சிகளில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். மேலும், சிப்பத்தை எழுதியவரே சரிபார்க்கும் வழக்கத்தை விடுவோம். எழுதியவர் கண்ணுக்குத் தாம் கருதிய படமே தெரியும். அச்சில் உள்ள படம் தெரியாது. வேறோர் ஆசிரியர், அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுட்டையும் விரலால் தொட்டு, அது காட்டும் படத்தையும் தொட்டு, பென்சிலால் ஒரு குறி இட வேண்டும். 20 பக்கச் சிப்பத்திற்குச் சிறிது நேரமே ஆகும். மென்பொருள் கண்டுபிடிக்காத பேசாப் பிழையை இந்த விரல் கண்டுபிடித்துவிடும்.

பெற்றோர்களிடமும் ஒரு சொல். வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளை ஒரு கேள்வியில் நெடுநேரம் நின்றுவிட்டால், 'ஏன் தெரியவில்லை?' என்று கடிந்துகொள்ளுமுன், அந்தக் கேள்வி சொல்லும் படம் அங்கே இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இல்லையென்றால் பக்க எண்ணையும் கேள்வி எண்ணையும் குறித்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். அதைக் குறை கூறலாகக் கருதும் ஆசிரியர் நல்லாசிரியராகார். 'உன் மேல் தவறில்லை. தாளில்தான் தவறு' என்று பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் அப்பிள்ளைக்கு எத்தனை பெரிய ஆறுதல்!

'காண்க' என்பது நாம் மாணவனுக்கு இடும் கட்டளை. அவன் அதை நம்பிப் பக்கத்தைப் புரட்டுகிறான். காண வேண்டியதை அங்கே வைத்திருப்பது நம் கடன்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன்